பையைத் திறக்கப்போறது நீங்க இல்ல

தங்கச்சிக்கு 35 வாரம் முடிஞ்சிருச்சு. டாக்டர் குடுத்த தேதி கார்த்திகை கடைசிதான், ஆனா தேதியைப் பார்த்து எந்தப் பிள்ளையும் வர்றதில்ல, 37 வாரம் தாண்டிட்டா எப்ப வேணும்னாலும் ரெடியா இருங்கன்னு செக்கப்ல சொல்லி அனுப்பிட்டாங்க, அதனால வளைகாப்பு முடிஞ்சு அவ அம்மா வீட்டுக்கு வந்ததும் நானும் லீவைப் போட்டுட்டு தேனிக்கு வந்துட்டேன், ரெண்டு பேரும் கட்டில் மேல எல்லாத்தையும் பரப்பி வச்சு ஆஸ்பத்திரி பை கட்டிட்டு இருக்கோம்.

அவ போன்ல லிஸ்ட் லிஸ்டா சேத்து வச்சிருக்கா. நானும் வாங்கிப் பார்த்தேன். பாதி வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதினது, தனி ரூம், தனி பாத்ரூம், புருஷன் பக்கத்துலயே நின்னு கையைப் பிடிச்சுக்கலாம், அவங்களுக்கு அது சரி. மீதி பாதில குழந்தைக்கு என்ன வாங்கணும்ங்கிறது மட்டும்தான். ஒரு லிஸ்ட்லயும் பக்கெட் இல்ல, பிளாஸ்க் இல்ல, கூட வந்து கிடக்கிற அம்மாவுக்கு ஒரு பாய் இல்ல. எல்லாத்தையும் விட முக்கியமான ஒண்ணு எதுலயும் இல்ல. இந்தப் பையைத் திறக்கப்போறது வயித்துப் பிள்ளைக்காரி இல்ல. அவ உள்ள வலியில கிடப்பா, இல்லன்னா கையில டிரிப்ஸ் ஏறிட்டு இருக்கும். வெளிய நிக்கிற அம்மாவோ மாமியாரோ வீட்டுக்காரரோதான் திறந்து எடுத்துக் குடுக்கணும். அதனால பையை அவங்க கைக்குத் தோதா கட்டணும்.

இதை நான் எங்க அண்ணிக்கு அட்டெண்டரா போயிருந்தப்ப நேர்ல பார்த்தேன். லேபர் வார்டு கதவு பாதி திறக்கும், சிஸ்டர் தலையை மட்டும் நீட்டி பேரைச் சொல்லி "அட்டெண்டர் யாரும்மா, பிள்ளைக்குத் துணி குடுங்க, பேடு குடுங்க, சீக்கிரம்"னு சொல்லிட்டு கையை நீட்டிட்டே நிப்பாங்க. எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், பெரிய டிராலி பேக் ஒண்ணை வச்சுட்டு உக்காந்திருந்தாங்க. அவங்க பொண்ணு பேரைக் கூப்பிட்டதும் ஜிப்பைத் திறக்கிறாங்க, மேல பூராவும் பிள்ளைக்கு வாங்கின பிராக், அதுக்குக் கீழ டப்பா, அதுக்குக் கீழ சேலை, பேடு எங்க இருக்குன்னு தெரியல. ஒவ்வொண்ணா எடுத்துத் தரையில வைக்கிறாங்க, கை நடுங்குது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே ஆத்தா, எல்லாம் அவதான அடுக்குனா"ன்னு என்னைப் பார்த்து சொன்னாங்க. பக்கத்துல இருந்த நாங்க ரெண்டு பேர் கூட உக்காந்து தேடி எடுத்துக் குடுத்தோம். அந்தப் பொண்ணு பாவம் எவ்வளவு ஆசையா பார்த்துப் பார்த்து அடுக்கியிருப்பா. ஆனா எந்த நேரத்துல எதைக் கேப்பாங்கன்னு அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நான் இதை எழுதுறதே அதுக்காகத்தான்.

அதனால ஒரே பெரிய பையா வேண்டாம்னு தங்கச்சிகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன். லேபர் வார்டுக்கு ஒரு சின்னத் துணிப்பை தனி. வார்டுல தங்கறதுக்கு ஒரு பை தனி. அம்மாவோட பை தனி. பேப்பரெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைல்ல. ஜவுளிக்கடைல குடுக்கிற பை போதும், ஒவ்வொண்ணும் வேற வேற கலரா இருந்தா இன்னும் நல்லது, மஞ்சப் பையை எடுங்கன்னா படிக்கத் தெரியாதவங்களும் ராத்திரி தூக்கக் கலக்கத்துல எடுத்துருவாங்க.

லேபர் வார்டு பையில ரொம்ப சாமான் கிடையாது. பிள்ளைக்கு சுத்தமான மெத்துன்னு ரெண்டு பெரிய துணி, தொப்பி, முன்னாடி முடிச்சுப் போடுற பருத்திச் சட்டை ஒண்ணு, நாப்கின் ரெண்டு மூணு. அம்மாக்காரிக்கு முன்னாடி ஜிப் வச்ச நைட்டி ஒண்ணு, பெரிய சைஸ் பேடு ஒரு பாக்கெட், உள்ளாடை ரெண்டு, உள்பாவாடை ஒண்ணு. அவ்வளவுதான். பிள்ளைக்கு எதுக்கு ரெண்டு துணின்னு கேட்டீங்கன்னா, பிறந்த பிள்ளை ஈரமா வரும், மொத துணியில துடைச்சதும் அது நனைஞ்சு போயிரும், அதுலயே சுத்தி வச்சா பிள்ளை உடம்பு சில்லுன்னு ஆகிரும். பிறந்த பிள்ளைக்கு நம்மள மாதிரி உடம்புச் சூட்டைத் தாங்கிப் பிடிச்சு வைக்கத் தெரியாது. அதனால நனைஞ்சதைத் தள்ளிட்டு காஞ்சதை வச்சு மூடணும், தலைக்குத் தொப்பி போடணும், அப்படியே அம்மா நெஞ்சு மேல போடணும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுக்கணும்னு இப்ப எல்லா ஆஸ்பத்திரிலயும் சொல்றாங்க. குளிப்பாட்டுறதுக்கு ஒரு நாளாவது போகட்டும்னு சொல்றாங்க, அதனால குளிக்க வைக்கிற சோப்பு எண்ணெயெல்லாம் இந்தப் பையில வேண்டாம்.

இந்தத் துணி விஷயத்துல எங்க அம்மாவை அடிச்சுக்க ஆள் கிடையாது. கடைல விக்கிற செட்டை எல்லாம் ஓரமா வச்சுட்டு அப்பாவோட பழைய எட்டு முழ வேட்டியை எடுத்தாங்க. பத்து வருஷம் துவைச்சுத் துவைச்சு மல்லிப்பூ மாதிரி ஆகிப்போன வேட்டி. கரையைக் கிழிச்சுத் தனியா எடுத்துட்டாங்க, ஏன்னா ஜரிகை பிள்ளை தோல்ல உரசும். அப்புறம் ஓரத்துல பல்லால ஒரு கடி, ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரே இழுப்பு, சர்ருன்னு நேரா கிழிஞ்சு வருது. அதோட விடல, மூக்குக் கண்ணாடியைப் போட்டுட்டு ஒவ்வொரு துண்டுலயும் ஓரத்துல தொங்குற நூலை எல்லாம் உக்காந்து உருவுனாங்க. தங்கச்சி கேட்டா, "ஏம்மா இவ்வளவு மெனக்கெடுற, அடிச்சுத் தச்சுறலாம்ல". அதுக்கு அம்மா, "அந்த நூலு பிள்ளை விரல்ல சுத்திக்கிச்சுன்னா உனக்குக் கண்ணுக்கே தெரியாதுடி, ரத்தம் ஓடாம விரலு வீங்கிரும், பிள்ளை ஏன் அழுவுதுன்னு தெரியாம நீயும் அழுவ"ன்னாங்க. அது நூத்துக்கு நூறு உண்மை. முடி, நூல் ரெண்டும் பிள்ளைங்க கால் விரல்ல சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றது டாக்டர்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். சாக்ஸ், கையுறை போடுறவங்களும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து நூல் இருந்தா வெட்டிருங்க.

கிழிச்சதை எல்லாம் வெந்நீர்ல கொதிக்க வச்சு, வெயில்ல காயப்போட்டு, அயர்ன் பண்ணி, நாலு நாலா மடிச்சு கவர்ல போட்டாச்சு. இந்த ஐப்பசி மழையில வெயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. மழைக்காலத்துல பிரசவம்னா துணியை ரெட்டிப்பா எடுத்துக்கோங்க, வார்டுல துவைச்சுப் போட்டா காயவே காயாது. கொடி கட்ட ஒரு கயிறு, பத்துப் பதினஞ்சு கிளிப், ஈரத்துணி போட ரெண்டு பெரிய கவர், இது மூணும் இருந்தா கூட இருக்கிறவங்க உங்களைக் கும்பிடுவாங்க.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாதுன்னு பெரியவங்க சொல்றாங்கல்ல, அதுல நான் அவங்க பக்கம்தான். புதுத்துணில கஞ்சி இருக்கும், சாயம் இருக்கும், எத்தனை பேர் கை பட்டு வந்திருக்கும். ஆசைப்பட்டு வாங்கிட்டீங்கன்னா ரெண்டு தடவை துவைச்சுட்டுப் போடுங்க.

டயப்பரா துணியான்னு பெரிய சண்டையே நடக்குது. எனக்கு அதுல கட்சி இல்ல. ஆனா மொத ரெண்டு நாள் பிள்ளை போறது காட்டுப்பீ, கறுப்பா பசை மாதிரி தார் கணக்கா ஒட்டும், வெள்ளை வேட்டித் துணில பட்டா போகவே போகாது. அதனால நியூபார்ன் சைஸ் டயப்பர் ஒரு சின்ன பாக்கெட் எடுத்து வச்சிருக்கோம், பெரிய பாக்கெட் வேண்டாம், பிள்ளை எடையைப் பார்த்துட்டு வாங்கிக்கலாம். முன்னாடியே லேசா தேங்காண்ணெய் தடவி விட்டுட்டா துடைக்கிறது சுலபம். இது அண்ணிக்கு வார்டுல ஒரு ஆயாம்மா சொல்லிக் குடுத்தது.

இப்ப வார்டுல தங்கற பைக்கு, அதாவது பெத்தவளுக்கு வருவோம். இதை எல்லாரும் அவசர அவசரமா ரெண்டு வரில முடிச்சுருவாங்க, எனக்கு அதுல வருத்தம். சுகப்பிரசவமா இருந்தாலும் ஆபரேஷனா இருந்தாலும் உதிரப்போக்கு ஒரு மாசத்துக்கு மேலயும் போகலாம், மொத ரெண்டு மூணு நாள் ரொம்ப அதிகம். சாதா பேடு தாங்காது. மெட்டர்னிட்டி பேடுன்னே கேட்டு வாங்குங்க. உள்ளாடை ஒரு சைஸ் பெருசா, பருத்தில, தொப்புளுக்கு மேல வர்ற மாதிரி வாங்கிக்கோங்க. நமக்கு சுகப்பிரசவம்தான்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது, கடைசி நிமிஷத்துல ஆபரேஷன்னு முடிவெடுத்தாங்கன்னா தையல் போட்ட இடம் அடிவயித்துல இருக்கும், எலாஸ்டிக் சரியா அது மேல உக்காந்தா உயிர் போகும். உள்பாவாடை நாடாவுக்கும் இதே கதைதான், நாடாவை மேல தூக்கித் தளர்வா கட்டணும். எனக்கு ஆபரேஷன்தான், அதனால அனுபவிச்சு சொல்றேன். நைட்டி அடர் கலர்ல நாலு, எல்லாமே முன்னாடி திறக்கிற மாதிரி. பால் கசிஞ்சு நைட்டி நனையும், அதுக்குக் குட்டிக் குட்டியா பருத்தித் துணி நாலு மடிப்பா மடிச்சு வச்சாலே போதும். செருப்பு வழுக்காததா, குனியாம மாட்டுற மாதிரி. ஒரு மெல்லிசு சால்வை, பால் குடுக்கறப்ப மறைச்சுக்கவும் ஆகும், குளிருக்கும் ஆகும்.

சீப்பும் ரெண்டு ரப்பர் பேண்டும் லேபர் வார்டு பையிலயே போடுங்க. உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி ரெட்டைச் சடை பின்னச் சொல்லுவாங்க, ஒத்தைச் சடை போட்டா மல்லாக்கப் படுக்கறப்ப உறுத்தும். அந்த நேரத்துல ரிப்பனுக்கு ஓடாதீங்க.

நகை ஒண்ணும் வேண்டாம். கடைசி மாசம் கை கால் வீங்கும், மோதிரம், மெட்டி எல்லாம் ஒன்பதாம் மாசம் தொடங்கறப்பவே கழட்டி வச்சுருங்க, இறுகிப்போனா அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். ஆபரேஷன் தியேட்டருக்குள்ள உலோகம் எதுவும் விட மாட்டாங்க, மூக்குத்தி உள்பட. தாலிக்கொடியை வீட்ல வச்சுட்டு மஞ்சள் கயிறு மட்டும் போட்டுக்கிட்டா மனசுக்கும் நிம்மதி, கூட இருக்கிறவங்களுக்கும் காவல் காக்குற வேலை இல்ல.

வளையல்தான் எங்க வீட்ல பெரிய பேச்சாப் போச்சு. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையலைப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு அம்மா. டிரிப்ஸ் போட மணிக்கட்டு வேணும், ஊசி குத்துற இடத்துல கண்ணாடி உடைஞ்சா ஆபத்துன்னு நான். தங்கச்சி நடுவுல உக்காந்துட்டு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்க்கிறா. கடைசில அண்ணிக்கு என்ன நடந்துச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன். அட்மிஷன் போட்டதும் சிஸ்டர் வளையலைக் கழட்டச் சொன்னாங்க, அண்ணியோட அம்மா மறுபேச்சு பேசல, கையில சோப்பைக் குழைச்சு, ஒவ்வொண்ணா, ஒண்ணுகூட உடையாம, சத்தமே இல்லாம கழட்டி கைக்குட்டைல முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. பிள்ளை பிறந்ததும் அந்த முடிச்சை அப்படியே கூட நின்ன ஆயாம்மா கையில குடுத்தாங்க. பிரசவம் பார்த்தவங்களுக்கு அந்த வளையலைக் குடுக்கிறதுதான அந்தக் காலத்துப் பழக்கம், அந்த ஆயாம்மா அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கிக்கிட்டாங்க. இதைக் கேட்டதும் அம்மா ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சுப் போயி ஒரு சின்ன சோப்பும் கைக்குட்டையும் கொண்டாந்து லேபர் வார்டு பையில போட்டாங்க.

பேப்பர் பைல். இதுல தப்பு வந்தா அலையறது பெத்தவதான், அதனால பொறுமையா செய்யுங்க. தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த ரிப்போர்ட், ரெண்டு பேரோட ஆதார், காப்பீட்டு அட்டை, அவ பேர்ல இருக்கிற பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ். அப்புறம் பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தைப் பதிஞ்சதும் குடுக்கிற அந்த 12 இலக்க நம்பர். தமிழ்நாட்டுல பிறப்புச் சான்றிதழ் வாங்க இந்த நம்பர் கேப்பாங்க, தனியார் ஆஸ்பத்திரில பார்த்துக்கிட்டாலும் பதியணும், நிறைய பேர் தனியார்தானன்னு விட்டுட்டு கடைசில திண்டாடுறாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும், அதுல பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேந்துதான் அந்தக் கணக்கு, இந்தப் பதிவுதான் அடிப்படை.

ஒரு வெள்ளைத்தாள்ல அப்பா அம்மா பேரு, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், ஆதார்ல இருக்கிற அதே எழுத்துல, இனிஷியல் எப்படி இருக்கோ அப்படியே, நிரந்தர முகவரியோட பெருசா எழுதி பைல்ல வச்சிருக்கேன். ஏன்னா பிறப்புப் பதிவுக்கு விவரம் கேக்கறப்ப பதில் சொல்றது அம்மாவாவோ சித்தப்பாவாவோ இருக்கும், அவங்க வாயில வர்றதை எழுதிட்டா அப்புறம் திருத்தறதுக்கு எத்தனை நடை. 21 நாளைக்குள்ள பதிவு பண்ணிரணும், பேர் வைக்கலன்னா பரவாயில்ல, ஒரு வருஷத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேத்துக்கலாம். 2023 அக்டோபர் 1-லேர்ந்து பிறந்த பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல சேக்கறதுலேர்ந்து லைசென்ஸ் வரைக்கும் இந்தச் சான்றிதழ்தான் வயசுக்கு ஆதாரம், அதனால ஒரு எழுத்துன்னு அசட்டையா இருக்காதீங்க.

எங்க தங்கச்சிக்கு இன்னொரு தாளும் இருக்கு, அது பைல்லயே மேல, சிவப்பு மையில. அவ ஓ நெகட்டிவ். வீட்டுக்காரர் பாசிட்டிவ். பிள்ளை பாசிட்டிவா பிறந்தா 72 மணி நேரத்துக்குள்ள அவளுக்கு ஆன்டி-டி ஊசி போடணும், இல்லன்னா அடுத்த பிள்ளைக்குச் சிக்கல் வரலாம். ஆஸ்பத்திரிக்கு இது தெரியும், கேஸ் ஷீட்ல இருக்கும், ஆனாலும் ஷிப்ட் மாறும், ஆள் மாறும், கூட இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். அம்மாவுக்கு நான் அதைப் பாடமா சொல்லிக் குடுத்துட்டேன், "பிள்ளைக்கு என்ன குரூப்பு சிஸ்டர், எம் பொண்ணுக்கு ஊசி போட்டாச்சா"ன்னு கேக்கணும். அந்தத் தாள்லயே கீழ ஓ நெகட்டிவ் ரத்தம் உள்ள ரெண்டு சொந்தக்காரங்க போன் நம்பரும், எல்லார் நம்பரும் எழுதியிருக்கு. போன்ல இருக்கேன்னு நினைக்காதீங்க, போன் சார்ஜ் இல்லாமப் போற நேரம் அதுதான்.

பிள்ளைக்கு பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள்ள ஹெபடைட்டிஸ் பி, அப்புறம் ரத்தம் உறைய வைட்டமின் கே ஊசி, இதெல்லாம் போட்டு அட்டைல குறிச்சுக் குடுப்பாங்க. வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அட்டையை வாங்கிப் பார்த்துட்டு பைல்ல வச்சுருங்க.

இப்ப அம்மாவோட பை. சொல்லப்போனா இதைத்தான் நான் மொதல்ல கட்டினேன். பிரசவ வார்டுல அட்டெண்டர் ஒருத்தருக்குத்தான் அனுமதி, அதுவும் பொம்பளைங்கதான், சுகப்பிரசவம்னா ரெண்டு மூணு நாள், ஆபரேஷன்னா ஒரு வாரம் வரைக்கும் ஆகும், அத்தனை நாளும் அந்த ஒருத்தர்தான் பிள்ளையைத் தூக்கி, துணி மாத்தி, துவைச்சு, சாப்பாடு வாங்கி, டாக்டர் சொல்றதைக் கேட்டு எல்லாம் பண்ணணும். எங்க அம்மாவுக்கு பிரஷர் இருக்கு, சுகர் மாத்திரையும் போடுறாங்க. பொண்ணுக்கு வலின்னா அம்மாவுக்கு மாத்திரை ஞாபகமா வரப்போகுது? அதனால பத்து நாளைக்கு மாத்திரை, காலைக்கு ஒரு கவர் ராத்திரிக்கு ஒரு கவர்னு தனித்தனியா போட்டு, மூக்குக் கண்ணாடி, பாய், காத்து ஊதுற தலைகாணி, போர்வை, ஸ்வெட்டர், மாத்துச் சேலை மூணு, சில்வர் தட்டு, ரெண்டு டம்ளர், ஸ்பூன், ரஸ்க், பிரிட்டானியா மேரி ஒரு பாக்கெட், கொசுவுக்கு ஓடோமாஸ், வயர் நீளமா இருக்கிற சார்ஜர். பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பக்கத்துல இருக்காது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தா பக்கத்துக் கட்டில்காரங்களுக்கும் உதவும்.

தனியா ஒரு பர்ஸ்ல பத்து, இருபது, அம்பது ரூபா நோட்டா ஒரு ஆயிரம் ரூபா. டீ வாங்க, வெந்நீர் வாங்க, ஆட்டோவுக்கு. லஞ்சத்துக்குன்னு நினைச்சுராதீங்க. சில இடத்துல ஆம்பளப் பிள்ளைன்னா இவ்வளவு, பொம்பளப் பிள்ளைன்னா இவ்வளவுன்னு கேட்டுட்டு பிள்ளையைக் காட்டவே தாமதிக்கிறாங்க, அண்ணிக்கு முன்னாடி எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு இது நடந்துச்சு, இப்ப நினைச்சாலும் எனக்குக் கோவம் வருது. பெத்த வயிறு வலிச்சிட்டு கிடக்கறப்ப கேக்கக்கூடிய காசா அது? 2011-ல வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு ஆஸ்பத்திரில பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, போக வர வண்டி எல்லாமே இலவசம். காசு கேட்டா 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போட்டு புகார் சொல்லலாம். சந்தோஷத்துல நீங்களா குடுக்கிறது வேற, அதுக்கு யாரும் குறை சொல்லப்போறதில்ல.

பிளாஸ்க், பக்கெட், மக்கு இது மூணையும் மறந்துராதீங்க. பிளாஸ்க் இல்லாம பிரசவ வார்டே கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கு அவளுக்கு வெந்நீர் குடிக்கத் தோணும், பால் குடுத்து முடிச்சதும் தாகம் நாக்கை இழுக்கும். பக்கெட்டை வீட்லேர்ந்து தூக்கிட்டுப் போகணும்னு இல்ல, எல்லா ஜி.எச். வாசல்லயும் பக்கெட், பாய், பிளாஸ்க் விக்கிற கடை இருக்கும். ஏன்னா பை கட்டறப்ப இன்னொண்ணும் யோசிக்கணும், நீங்க போற மொத இடத்துலதான் பிரசவம் நடக்கும்னு இல்ல. எங்க பக்கம் பி.எச்.சி.ல, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்ப்பாங்க, பிரஷர் கூடினாலோ வேற ஏதாவதுன்னாலோ கானாவிலக்கு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிருவாங்க. 108 வந்து நின்னா பத்து நிமிஷத்துல ஏறணும். அந்த வண்டில கூட ஏறுறவங்க மடில வச்சுக்கிற அளவுக்குத்தான் பை இருக்கணும். லேபர் வார்டு பையும் பைலும் மட்டும் கூட போகட்டும், மத்ததை வீட்டுக்காரர் பின்னாடி பைக்ல கொண்டு வரட்டும்.

வைக்கக் கூடாததும் இருக்கு. பால் பவுடர் டின்னும் பால் பாட்டிலும் வேண்டவே வேண்டாம். மொத நாள் பால் கொஞ்சமாத்தான் ஊறும், பிள்ளை வயிறும் அப்ப நெல்லிக்கா அளவுதான், அது போதும். பக்கத்துல டின் இருந்தா, ராத்திரி பிள்ளை அழறப்ப எல்லாரும் சேந்து கரைச்சுக் குடுக்கச் சொல்லுவாங்க, டின் இல்லன்னா பேசாம மார்ல போட்டுப் பார்ப்பாங்க. நிஜமாவே தேவைப்பட்டா டாக்டரே சொல்லுவாங்க. பிறந்ததும் நாக்குல தொட்டு சேனை வைக்கத் தேன், சீனித்தண்ணி, கழுதைப்பால், உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். இதுல பெரியவங்க மனசு நோகாம சொல்லணும். எங்க பெரியம்மா, பேரன் பேத்தி அத்தனை பேருக்கும் சேனை வச்சவங்க, அவங்ககிட்ட நான், "பெரியம்மா, நீங்கதான் மொதல்ல பிள்ளையை மடில வாங்கி நெத்தில முத்தம் குடுக்கணும், வாயில மட்டும் ஆறு மாசத்துக்கு அம்மா பால் தவிர ஒண்ணும் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சரிடின்னுட்டாங்க. வசம்பு வளையல் கட்டணும்னு ஆசைப்பட்டாங்க, கொஞ்ச நாள் போகட்டும், பிள்ளை கையை வாயில வைக்கும்னு சொல்லியிருக்கேன். கண்மையும் வேண்டாம். ஊக்கு வேண்டவே வேண்டாம், நாடா வச்சுக் கட்டுங்க.

பிராக், ஷூ, தொட்டில் கொசுவலை எல்லாம் வீட்ல இருக்கட்டும். அரசு ஆஸ்பத்திரில பிறந்த பிள்ளைக்குப் பரிசுப் பெட்டகம்னு ஒண்ணு 2015-ல குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்ப அதுல 16 பொருள், துண்டு, சட்டை, மெத்தை, சோப்பு, எண்ணெய், பெத்தவளுக்கு சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட. ஆனா அது கிடைச்சாலும் பிரசவத்துக்கு அப்புறம்தான் கைக்கு வரும், மொத ஒரு மணி நேரத்துக்கு உங்க துணிதான்.

எல்லாத்தையும் அடுக்கி முடிச்சதும் ஒரு வேலை செஞ்சோம். தங்கச்சியை உக்கார வச்சுட்டு, நான் சிஸ்டர் மாதிரி கேட்டேன், அம்மா எடுத்துக் குடுக்கணும். "துணி ரெண்டு", எடுத்தாங்க. "பேடு", எடுத்தாங்க. "பிக்மி நம்பர்", பைலைத் திறந்து அட்டையைக் காட்டுனாங்க. "தொப்பி"ன்னதும் கொஞ்சம் தேடுனாங்க, சட்டைக்குள்ள மாட்டிக்கிச்சு, அதனால தொப்பியைத் தனியா சின்னக் கவர்ல போட்டாச்சு. தங்கச்சி வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்காரு, சனிக்கிழமைதான் வருவாரு, அவருக்கு வீடியோ கால்ல ஒவ்வொரு பையா காட்டுனோம். "அக்கா, நான் வந்து சேர்றதுக்குள்ள ஆயிருச்சுன்னா?"ன்னு கேட்டாரு. "ஆகட்டும் தம்பி, அம்மாவுக்கு எல்லாம் தெரியும், நீங்க நிதானமா பஸ் ஏறி வாங்க"ன்னு சொன்னேன். முகம் தெளிஞ்சுச்சு.

எப்ப கிளம்பணும்ங்கிறதையும் சேத்துச் சொல்லிர்றேன். விட்டு விட்டு வந்து, படுத்தாலோ நடந்தாலோ அடங்கிட்டா அது சூட்டு வலி, சீரகத் தண்ணி குடிச்சுட்டு இருங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நேரம் ஆக ஆக நெருங்கி வந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா, இடுப்புலேர்ந்து அடிவயித்துக்கு இறங்கினா கிளம்பிருங்க. ஆனா பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணி பச்சையா வந்தாலோ, பிள்ளை அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தாலோ, தலை பொளந்து கண்ணு மங்குனாலோ சீரகத் தண்ணியும் வேண்டாம், பையும் வேண்டாம், 108-க்குப் போன் போட்டுட்டு உடனே ஏறுங்க. இந்த அஞ்சையும் அட்டைல எழுதி அம்மா வீட்டு பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கேன்.

பை மூணும் இப்ப ஹால்ல பீரோ பக்கத்துல இருக்கு. பிளாஸ்க் மட்டும்தான் பாக்கி, வீட்ல இருக்கிறதுக்கு மூடி ஒழுகுது, நாளைக்கு கடைவீதிக்குப் போயி ஒரு லிட்டர்ல ஒண்ணு வாங்கணும், அப்படியே அம்மாவுக்கு ஒரு ஜோடி சாக்ஸும், தரையில படுத்தா அவங்களுக்குக் கால் விறைக்கும்.